ஐந்து காப்பகங்களைப் பார்த்தோம், ஒன்றில் சேர்த்தோம்: 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

என் மனைவியின் விடுப்பு முடிந்தபோது எங்கள் மகளுக்கு 13 மாதம். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அவளைக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சேர்த்தோம். இப்போது அவளுக்கு இரண்டேகால் வயது. சேர்ப்பதற்கு முன் ஐந்து காப்பகங்களுக்குப் போய்வந்தோம், சிலவற்றுக்கு இரண்டு முறை. அவற்றில் நான்கை ஏன் வேண்டாம் என்று விட்டோம், ஐந்தாவது இந்த 14 மாதங்களில் எப்படி நடந்துகொண்டது என்பதை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் எந்தக் காப்பகத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. பெயரைச் சொல்வதாலும் பெரிய பயன் இருக்காது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கிளையின் இரண்டு அறைகள்கூட அங்கே யார் வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறாகத்தான் இருக்கின்றன.

முதலில் பார்த்த இடம் எங்களை மயக்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரல்ரேகை வைத்தால் திறக்கும் கதவு, சுவர் முழுக்கக் காட்டு விலங்குகள், மூலைக்கு மூலை கேமரா, அலுவலகத்திலிருந்தே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு செயலி. சேர்க்கைக்கென்றே நியமிக்கப்பட்டிருந்த பெண் எங்களைக் காலை பதினொரு மணிக்கு வரச்சொல்லி, பாட்டு நடக்கும் அறையையும் வண்ணம் தீட்டும் அறையையும் சுற்றிக் காட்டினார். ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களின் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எல்லாரும் தூங்குறாங்க சார், இன்னொரு நாள் பாக்கலாமே" என்றார். எங்கள் மகள் நாள் முழுக்க இருக்கப்போகிற அறை அதுதான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அங்கே எங்களுக்குப் பிடித்த எல்லாமே பெரியவர்களுக்காக வைக்கப்பட்டவை என்பது உறைத்தது. சிங்கமும் யானையும் என் நெஞ்சு உயரத்துக்கு மேலேதான் இருந்தன. இரண்டரை அடி உயரக் குழந்தையின் கண் மட்டத்தில் அந்தச் சுவர் வெறும் மஞ்சளாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காப்பகத்தையும் அவர்கள் சொல்லும் நேரத்தில் ஒரு முறையும், நாங்கள் கேட்கும் நேரத்தில் ஒரு முறையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நாங்கள் கேட்ட நேரம் மாலை நான்கரை. பகல் தூக்கம் கலைந்து, விளையாட்டுச் சாமான்களும் சலித்துப்போய், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே குழந்தைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிப் பார்க்கும் நேரம் அது. காலையிலிருந்து குனிந்தும் நிமிர்ந்தும் பணியாளர்களும் களைத்திருப்பார்கள். அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள், யார் இருந்த இடத்திலிருந்தே "அழாதே" என்று குரல் மட்டும் கொடுக்கிறார்கள் என்பதைக் காலைப் பதினொரு மணிப் பார்வையில் தெரிந்துகொள்ள முடியாது. அந்த நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்று இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். முதலில் பார்த்த இடம் அவற்றில் ஒன்று. அந்த இரண்டின் வேலையும் எங்களைப் பொறுத்தவரை அத்துடன் முடிந்தது.

ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள் என்பதை எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். காப்பகங்களும் அதற்கான பதிலைத் தயாராக வைத்திருக்கும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. ஆஸ்திரேலியாவில் அது 4. அமெரிக்காவின் மழலையர் கல்விச் சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி., கைக்குழந்தைகளுக்கு ஒருவருக்கு 4 என்பதோடு நிற்காமல், ஒரு குழுவில் மொத்தம் 8 பேருக்கு மேல் வேண்டாம் என்றும் பரிந்துரைக்கிறது. அந்த இரண்டாவது எண்ணைப் பலர் கேட்பதே இல்லை. 24 குழந்தைகளும் 6 பணியாளர்களும் ஒரே கூடத்தில் இருந்தால் விகிதம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே எந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு என்பது அந்த ஆறு பேருக்குமே தெரியாமல் போகும், இரைச்சலோ சொல்லி மாளாது.

எண்ணைக் கேட்பதைவிடத் தலைகளை எண்ணுவது மேல் என்பதை இன்னொரு இடத்தில் கற்றுக்கொண்டோம். அவர்களுடைய விளம்பரத் தாளில் நான்குக்கு ஒருவர் என்று அச்சிட்டிருந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்குப் போனபோது ஒரே ஒரு பெண் பதினொரு குழந்தைகளோடு இருந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டோம். ஒருவர் சாப்பிடப் போயிருந்தார், ஒருவர் அலுவலக அறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார், இன்னொருவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு பேர் வேலைக்கு வந்திருந்தது உண்மை. அறையில் நான்கு பேர் இல்லை என்பதும் உண்மை. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடியில் ஒன்று, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று இருந்த நிலையிலும் அவர் குரலை உயர்த்தவில்லை. தவறு அவருடைய பணிநேரத்தை வகுத்தவர்களுடையது. இடைவேளையின்போது மாற்றாள் யார், இருவர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளை அதன் பிறகுதான் எங்கள் பட்டியலில் சேர்த்தோம்.

நாங்கள் வருத்தத்தோடு விட்ட இடம் ஒன்று உண்டு. ஐந்திலும் அன்பு மிகுந்த பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். நாங்கள் போன பத்தாவது நிமிடத்திலேயே எங்கள் மகள் அவர்களில் மூத்தவரின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உறங்கும் அறையில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று குப்புறக் கிடந்தது, முகத்துக்கு அருகே மெத்தென்ற தலையணை. ஒரு வயது நிறையாத குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணையும் பொம்மையும் தளர்வான போர்வையும் இல்லாத, சமமான, இறுக்கமான மெத்தையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று குழந்தை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியதைத் தொடர்ந்த பத்தாண்டில் அந்நாட்டில் கைக்குழந்தைகளின் திடீர் தொட்டில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. எங்கள் மகள் ஒரு வயதைத் தாண்டியவள், தானாகப் புரண்டு படுப்பவள். அவளுக்கு அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கியிருந்தது. ஆனாலும் அதை மெல்ல எடுத்துச் சொன்னபோது, "இருபது வருஷமா இப்படித்தான் சார் படுக்க வைக்கிறோம், குப்புறப் போட்டாத்தான் அசந்து தூங்கும்" என்று சிரித்தார் அந்த மூத்தவர். தெரியாததை யாரும் கற்றுக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று நினைப்பவரிடம் மூச்சுக்குழாயில் கடலை சிக்கிய குழந்தையை எப்படி நம்பி விடுவது? திரும்பி வரும் வழியெல்லாம் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

இனி நாங்கள் சேர்த்த இடம். கட்டடம் பழையது, வாசற்கதவு கிரீச்சிடும், சுவரில் குழந்தைகளின் கிறுக்கல்களைத் தவிர ஒன்றும் இல்லை. அவை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒட்டப்பட்டிருந்ததை இப்போதெல்லாம் கவனிக்கத் தெரிந்திருந்தது. எங்களை அங்கே நிறுத்தியது டயப்பர் மாற்றும் மேசைதான். காப்பகத்தில் யாரும் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யாத வேலை அது, ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்தாறு முறை நடப்பது. பணியாளர் ஒருவர், குழந்தைகள் அவரை அக்கா என்கிறார்கள், பத்து மாதப் பையன் ஒருவனைத் தூக்க வந்தார். பின்னாலிருந்து அள்ளிக்கொண்டு போகவில்லை. எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, "தங்கம், டயப்பர் மாத்தப் போலாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பையன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு கையை உயர்த்தினான். கட்டையோடே தூக்கிக்கொண்டு போனார். மேசையில் படுக்கவைத்து, "காலைத் தூக்கு பாக்கலாம்" என்றார். அவன் தூக்கும்வரை மூன்று நான்கு நொடிகள் அவருடைய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கடைசிவரை ஒரு கை குழந்தையின் மேல் இருந்தது, பழைய டயப்பர் மூடியிட்ட தொட்டியில் போயிற்று, மேசை துடைக்கப்பட்டது, அவருடைய கையும் பையனின் கையும் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டன. மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். இதே வேலை இன்னொரு காப்பகத்தில் நடந்ததையும் பார்த்திருக்கிறோம்: வரிசையாக ஆறு பேர், தலைக்கு ஒரு நிமிடம், ஒரே கையுறை, ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் விட்ட நான்கில் அதுவும் ஒன்று.

ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற கைக்குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கியபோது அங்கே வைத்த ஒழுங்கு ஏறக்குறைய இதுதான். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது ஆகிய மூன்றும் வேகமாக முடிக்கவேண்டிய வேலைகள் என்று அவர் கருதவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் முழுமையாகக் கிடைக்கும் நேரம் அதுவே என்று கருதினார். எங்கள் காப்பகத்தில் பிக்லரின் பெயரை யாரும் சொன்னதில்லை, அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. மாறாக, கல்விமுறைகளின் பெயர்களைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்த இடங்களில் அந்த முறைகளின் சாயல்கூட இல்லை. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்; இன்று பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் தம் கடைக்கு அவர் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். இரண்டு வயதில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை ஒரு சிறப்பாகச் சொன்ன இடத்தில் நாங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்ட கேள்விகளில் அதிகம் பயன்பட்டது, "இந்த அறையில் இருப்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறார்கள்?" என்பது. இதை மேலாளரிடம் ஒரு முறையும், தனியே பணியாளரிடம் ஒரு முறையும் கேட்க வேண்டும். நான்கு மாதம், ஏழு மாதம், போன வாரம் என்று பதில் வந்தால், சம்பளமோ வேலைச்சுமையோ மரியாதையோ ஏதோ ஒன்று அங்கே சரியில்லை என்று பொருள். கைக்குழந்தைக்குக் காப்பகம் என்பது இரண்டு மூன்று முகங்கள்தான். அந்த முகங்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். எங்கள் இடத்தில் மூன்று பேரில் இருவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருவர் பொறுப்பு என்ற ஏற்பாடும் உண்டு. அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

சேர்த்த முதல் பத்து நாள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோரைப் பிரிவதற்கான பதற்றம் குழந்தைகளுக்கு எட்டாவது மாத வாக்கில் தொடங்கி, 10 முதல் 18 மாதங்களுக்குள் உச்சத்தில் இருக்கும். ஆக, 13 மாதத்தில் சேர்ப்பது என்பது நட்டநடு வெயிலில் இறக்கிவிடுவது போலத்தான். மற்ற இடங்களில், "முதல் நாளே விட்டுட்டுக் கிளம்பிடுங்க, திரும்பிப் பாக்காதீங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் பெர்லின் பழக்குமுறை இதற்கு நேர்மாறானது: முதல் மூன்று நாள்கள் பெற்றோர் அறையிலேயே இருப்பார்கள், பிரிவு என்பதே இருக்காது; நான்காவது நாள்தான் சிறிது நேரம், அரை மணிக்கு மிகாமல், வெளியே போய்ப் பார்ப்பார்கள்; அழும் குழந்தையைப் பணியாளரால் தேற்ற முடிகிறதா என்பதை வைத்தே அடுத்த நாளின் அளவு முடிவாகும். எங்கள் காப்பகம் செய்தது அதை ஒத்திருந்தது. நான்காம் நாள் நான் மகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கவே கதவைக் கடந்து, நடைபாதைப் பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஆறு நிமிடம் அழுகை கேட்டது. பிறகு நின்றது. நின்றது ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பதினான்கு நிமிடங்கள் அழுகையைவிடக் கடினமாக இருந்தன. உள்ளே போனபோது அந்த அக்காவின் தோளில் முகம் புதைத்து, என் சட்டைப்பையிலிருந்து எடுத்த கைக்குட்டையைக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடி அழுதாள். "இது நல்ல அழுகை சார், உங்ககிட்டதான் அழணும்னு வச்சிருந்தா" என்றார் அக்கா.

காப்பகத்தில் விட்டால் தாயிடம் ஒட்டுதல் குறைந்துவிடும் என்று எங்களிடம் சொல்லாத உறவினர் இல்லை. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்த அரசு ஆய்வு ஒன்று இதைத்தான் ஆராய்ந்தது. காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாய்–சேய் ஒட்டுதலைக் கெடுப்பதில்லை, வீட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் கவனிப்பே வலுவான காரணி என்பது அதன் முடிவு. வீட்டிலும் கவனிப்புக் குறைந்து, காப்பகமும் தரமற்றதாக இருந்தால்தான் பாதிப்பு கூடியது. இந்த முடிவு உறவினர்களின் வாயை அடைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தொலைக்காட்சி. வெளியே விளையாட முடியாத மழை நாள்களில் ஒரு மணி நேரம்வரை பாட்டுக் காணொளிகள் ஓடுவதை ஐந்தாவது மாதத்தில்தான் கண்டுபிடித்தோம், அதுவும் மகள் வீட்டில் ஆடிக்காட்டிய ஒரு நடன அசைவிலிருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரை வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதனினும் குறைவு நல்லது என்கிறது. சேர்க்கும்போது திரை உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை. புகார் செய்த பிறகு சிறிய குழந்தைகளின் அறையில் நிறுத்திவிட்டார்கள், பெரிய குழந்தைகளின் அறையில் இன்னும் ஓடுகிறது.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. ஒன்பதாவது மாதத்தில் எங்கள் மகளுக்குப் பொறுப்பாக இருந்த அந்த அக்கா வேலையை விட்டார். அவர் போகிற செய்தி அவருடைய கடைசி நாள் மாலையில், குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது. காப்பகத்துக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். அடுத்த இரண்டு வாரம் மகள் காலையில் அந்தக் கிரீச்சிடும் கதவைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பழக்குவதில் அவ்வளவு பொறுமை காட்டியவர்கள் பிரிவதில் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். முன்கூட்டிச் சொன்னால் சில பெற்றோர் வேறிடம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள் என்றார். நேர்மையான பதில்தான், ஏற்கத்தக்க பதில் இல்லை.

கடித்த சம்பவத்தை மட்டும் குறையாக எழுத மாட்டேன். ஒன்றரை வயதுப் பிள்ளைகள் கடிப்பார்கள். வார்த்தை வராத வயதில் பல்தான் வருகிறது. மகளின் முன்கையில் பல் பதிந்த அன்று, எப்போது, எங்கே, என்ன செய்தோம் என்று எழுதிய தாளை நான் கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள். கடித்த குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து எங்கள் மகள் இன்னொருவரைக் கடித்தபோது அவள் பெயரும் வெளியே போகவில்லை.

காய்ச்சல், சளி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆண்டில் எந்தக் காப்பகத்திலும் அது வரும். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் திரும்ப அனுமதி என்ற விதி இங்கே இருக்கிறது, பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. கேமரா இங்கே வாசலில் மட்டும்தான். நேரலை இல்லாததால் முதல் வாரம் தவித்தோம், பிறகு மறந்துபோனோம். ஒரு நாளுக்கு ஏழெட்டுப் புகைப்படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, கைப்பேசியைப் பிடித்திருக்கும் கை அந்த நேரத்தில் எந்தக் குழந்தையையும் பிடித்திருக்கவில்லை என்பது மனைவிக்குத் தோன்றும்வரை. எங்களுக்கு வாரம் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டோம்.

இந்தக் குறைகளோடும் இன்னொருவருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன், கைக்குழந்தை அறையை மட்டும். அடுத்த மாதம் மகள் இரண்டு வயதைக் கடந்தவர்களின் அறைக்கு மாறுகிறாள். அங்கே ஒருவருக்கு ஆறு குழந்தைகள், இருவரில் ஒருவர் புதியவர், தொலைக்காட்சியும் அங்கேதான் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்து பாருங்கள் என்றார் மேலாளர். மாலை நான்கரைக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.